42 பேர், 4 பிஸ்ட், ஒரு லேப்டாப்: உள்ளூர் வாள்வீச்சுப் போட்டிக்கு சாஃப்ட்வேர் தேர்ந்தெடுப்பது எப்படி

தண்டையார்பேட்டையிலோ கொளத்தூரிலோ ஒரு பள்ளி அரங்கை ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வாங்கி, முதல்முறையாக வாள்வீச்சுப் போட்டி நடத்தப்போகும் கிளப்காரர்களுக்கும் பி.டி. மாஸ்டர்களுக்கும் இந்த வழிகாட்டி. மெடல், சான்றிதழ், டாக்டர், தண்ணீர் கேன் எல்லாம் எப்படியோ வந்துவிடும். காலை 9 மணிக்குத் தொடங்கவேண்டிய ஆட்டம் 11 மணிக்குத் தொடங்குவதற்கு, பத்தில் எட்டு தடவை, மேசையில் இருக்கும் லேப்டாப்தான் காரணம். அதை முன்கூட்டியே தவிர்க்கலாம்.

1. முதலில் கணக்கு, பிறகுதான் சாஃப்ட்வேர் (6 வாரம் முன்)

ஒரு பிரிவில் எத்தனை பேர், எத்தனை பிஸ்ட் (இருவர் நின்று ஆடும் நீளப் பட்டை), எத்தனை ரெஃபரி: இந்த மூன்று எண்களும் தெரியாமல் எதையும் டவுன்லோடு செய்யாதீர்கள்.

பூல் என்பது எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை ஆடும் சிறு குழு. 7 பேர் பூலில் 21 ஆட்டம், 6 பேர் பூலில் 15, 5 பேர் பூலில் 10. பூல் ஆட்டம் 5 டச் (வாள் பட்டுக் கிடைக்கும் புள்ளி), கடிகாரத்தில் 3 நிமிடம். ஆனால் வயர் மாட்டி, ஆயுதத்தைச் சோதித்து, சல்யூட் அடித்து முடிக்க ஆட்டத்துக்குச் சராசரியாக 4 நிமிடம் வையுங்கள். முதல் போட்டிக்கு வரும் பிள்ளைகள் என்றால் 5.

ஒரு உதாரணம். ஆண்கள் எப்பே (ஒரு வாள் வகை), 42 பேர், 4 பிஸ்ட். 7 பேர் வீதம் 6 பூல், மொத்தம் 126 ஆட்டம். முதல் 4 பூல் 84 நிமிடம். மீதி 2 பூலை ஒவ்வொன்றும் 2 பிஸ்ட்டில் பிரித்து ஆடினால் இன்னொரு 42 நிமிடம். அப்படிப் பிரிக்காவிட்டால் 2 பிஸ்ட் சும்மா கிடக்க, 84 நிமிடம் போய்விடும். ஒரே பூலை இரண்டு பிஸ்ட்டுக்குப் பிரிக்கும்போது ஒரே பையனை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கூப்பிட்டுவிடக்கூடாது. தொடர்ந்து ஆடுபவருக்கு மூச்சு வாங்கவும் இடைவெளி வேண்டும். உங்கள் சாஃப்ட்வேர் இதைச் செய்யுமா, இல்லை நீங்களே காகிதத்தில் பார்க்கவேண்டுமா என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து நாக்-அவுட். 42 பேரும் போனால் 64 டேப்ளோ, அதாவது 64 பேருக்கான நாக்-அவுட் அட்டவணை. 22 பேருக்கு பை (ஆடாமலே அடுத்த சுற்று), முதல் சுற்றில் 10 ஆட்டம், அதன்பின் 16, 8, 4, 2, 1. மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் வைக்காவிட்டால் மொத்தம் 41. 15 டச் எப்பே ஆட்டத்துக்கு 15 நிமிடம் வைத்து, 4 பிஸ்ட்டில் ஆடினால் 3 மணி நேரம். பூலையும் சேர்த்தால் 5 மணி 6 நிமிடம். இடையில் தரவரிசை ஒட்ட, ஆட்சேபம் கேட்க 20 நிமிடம். இது ஒரே ஒரு பிரிவுக்கு. அரங்கை மாலை 5 மணிக்குக் காலி செய்யவேண்டும் என்றால், ஒரு நாளில் இன்னொரு பெரிய பிரிவு நுழையாது. சேபர் என்ற இன்னொரு வாள் வகையில் ஆட்டங்கள் சீக்கிரம் முடியும். அதை எப்பேயோடு ஒரே தட்டில் வைத்துக் கணக்கிடாதீர்கள்.

நேரத்தை மிச்சப்படுத்த 80 சதவீதம் பேரை மட்டும் மேலே அனுப்புவார்கள். 42-ல் அது 33 அல்லது 34. அப்போதும் 64 டேப்ளோதான் வரும், முதல் சுற்றில் ஓரிரு ஆட்டம் மட்டும் அநாதையாக நிற்கும். வெட்டுவதாக இருந்தால் 32-க்கு வெட்டுங்கள், 10 ஆட்டம் குறையும். பயணச் செலவு செய்து வந்த பிள்ளையை 6 ஆட்டத்தோடு அனுப்பலாமா என்பது வேறு விஷயம். உள்ளூர்ப் போட்டியில் எல்லோரையும் நாக்-அவுட் ஆடவிடுவதே முறை என்பேன்.

2. கையில் இருக்கும் வழிகள்

காகிதம்: 16 பேர் வரை தாராளமாகப் போதும். பூல் ஷீட், கால்குலேட்டர், பொறுமையான ஒரு ஆள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எக்செல் அல்லது கூகுள் ஷீட்: செலவில்லை என்று பலரும் இதில்தான் விழுகிறார்கள். வெற்றி விகிதம், அடித்த டச்சிலிருந்து வாங்கிய டச்சைக் கழித்த இன்டெக்ஸ், அதன்பின் அடித்த டச் என்ற வரிசையை ஃபார்முலாவில் கொண்டுவந்துவிடலாம். ஆனால் சமமான ஸ்கோரில் ஒருவர் ஜெயிப்பதும், பாதியில் ஒருவர் விலகுவதும் வந்தால் ஷீட் திணறும். அவசரத்தில் யாராவது ஃபார்முலா மேலேயே எண்ணை அடித்துவிட்டால் கண்டுபிடிக்கவும் முடியாது.

பொதுவான டோர்னமென்ட் ஆப்: கேரம், கிரிக்கெட்டுக்குப் பயன்படும் நாக்-அவுட் அட்டவணை ஆப்களை எடுக்காதீர்கள். பூல் இன்டெக்ஸிலிருந்து டேப்ளோ போடத் தெரியாது.

பெல்பூல்: இலவசம், திறந்தமூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும், இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும். பூல், டேப்ளோ, தனிநபர், அணி எல்லாம் உண்டு. ரெஃபரி போனிலிருந்து ஸ்கோர் அனுப்பும் வசதியும் இருக்கிறது. பிரெஞ்சில் 'பூல்' என்ற சொல்லுக்குக் கோழி என்றும் பொருள். அந்த வேடிக்கைக்காகக் கோப்பின் பின்னொட்டையே கோழி கொக்கரிப்பதுபோல் 'காட்காட்' என்று வைத்திருக்கிறார்கள். பென்டிரைவில் அந்தப் பெயரைப் பார்த்து வைரஸ் என்று யாரும் அழித்துவிடாமல் உங்கள் ஆட்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

ஆன்கார்ட்: இதுவும் பிரான்சிலிருந்து வந்தது, சர்வதேசப் போட்டிகளில் பல காலமாகப் புழங்குவது. முடிவுகளை எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியே எடுக்கலாம்.

ஃபென்சிங் டைம்: அமெரிக்காவில் உருவானது, விண்டோஸில் மட்டும், உரிமம் காசு கொடுத்து வாங்கவேண்டும். முடிவுகள் இணையத்தில் உடனுக்குடன் ஏறும். பல பிரிவுகளை ஒரே நாளில் ஓட்டுபவர்களுக்கு வசதியானது.

முதல்முறை, 100 பேருக்குக் கீழே, 4 பிஸ்ட் என்றால் என் தேர்வு பெல்பூலும், கூடவே பிரின்ட் எடுத்த பூல் ஷீட்டும். மாநிலச் சங்கத்துக்கு முடிவு அனுப்பவேண்டிய போட்டி என்றால், அவர்களுக்கு எந்தக் கோப்பு வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அந்தப் பதில் சில சமயம் உங்கள் தேர்வையே மாற்றிவிடும்.

3. காசு (4 வாரம் முன்)

இலவச சாஃப்ட்வேரிலும் செலவு உண்டு. 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒரு ரீம், சுமார் 250 முதல் 350 ரூபாய். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்தமாக வாங்கினால் இன்னும் குறையும். ரூட்டருக்கு மினி யுபிஎஸ் சுமார் 1,500 ரூபாய். ரூட்டரை இரவல் வாங்கிக்கொள்ளலாம். சுவரில் ஒட்ட டேப்ளோவை ஏ3-ல் ஜெராக்ஸ் எடுக்கவேண்டும். ஞாயிறு திறக்கும் ஜெராக்ஸ் கடை அரங்கின் பக்கத்தில் இருக்கிறதா என்று சனிக்கிழமையே பாருங்கள்.

டாலரில் உரிமம் வாங்குபவர்கள் கவனிக்கவேண்டியது: உங்கள் டெபிட் கார்டில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். வங்கிச் செயலியில் நீங்களே திறக்கவேண்டும். அந்நியச் செலாவணிக்கு வங்கி தனியாக ஒரு சதவீதமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கும். உரிமம் ஒரு கம்ப்யூட்டருக்கா, இரண்டுக்கா என்பதையும் வாங்கும் முன் படியுங்கள். ஸ்பேர் லேப்டாப்பில் திறக்காத உரிமத்தால் அன்றைக்குப் பயன் இல்லை.

4. பெயரும் பிறந்த தேதியும் (3 வாரம் முன்)

நம் ஊரில் சாஃப்ட்வேர் முதலில் தடுக்கி விழுவது இன்ஷியலில். வெளிநாட்டு மென்பொருள்களில் குடும்பப் பெயர், முதல் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம்மிடம் இருப்பது 'எஸ். கார்த்திக்'. குடும்பப் பெயர்க் கட்டத்தில் எஸ் போட்டால் பூல் ஷீட்டில் 'எஸ்' என்று நாலு பேர் நிற்பார்கள், ரெஃபரி யாரைக் கூப்பிடுவார்? அதனால் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் இன்ஷியலை முதல் பெயர்க் கட்டத்திலும் போடுங்கள். எல்லா விண்ணப்பத்துக்கும் ஒரே முறை. இன்ஷியலை விரிக்கவேண்டாம்: பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன பவானி தேவியின் முழுப்பெயர் சடலவாட ஆனந்த சுந்தரராமன் பவானி தேவி, பூல் ஷீட்டின் சின்னக் கட்டத்தில் எந்தப் பாதி தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே பெயர், ஒரே இன்ஷியலில் இருவர் இருந்தால் கிளப் பெயரின் சுருக்கத்தைச் சேருங்கள்.

பெயர்களை ஆங்கில எழுத்தில் ஏற்றுவது பாதுகாப்பு. தமிழில் திரையில் அழகாகத் தெரிந்து, பிடிஎஃப் எடுக்கும்போது கட்டம் கட்டமாகவோ கொம்பு வேறு எழுத்து வேறாகவோ வரலாம். தமிழில்தான் வேண்டும் என்றால் ஒரு பக்கம் பிரின்ட் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தேதி அடுத்த பொறி. கூகுள் ஃபார்மில் வாங்கிய 04/07/2012-ஐ ஒரு மென்பொருள் ஜூலை 4 என்றும் இன்னொன்று ஏப்ரல் 7 என்றும் படிக்கும். நாள் 12-க்கு மேல் இருந்தால் பிழை காட்டும், இல்லையென்றால் சத்தமில்லாமல் தவறாக ஏற்றிக்கொள்ளும். நாள், மாதம், வருடத்தைத் தனித்தனிக் கட்டமாக வாங்குங்கள். சிஎஸ்வி கோப்பு ஏற்றும்போது எல்லாம் ஒரே நெடுவரிசையில் ஒட்டிக்கொண்டு வந்தால் பயப்படவேண்டாம். பிரெஞ்சு வழக்கத்தில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளிதான் பிரிப்பான். மாற்றிச் சேமித்து மறுபடி ஏற்றுங்கள்.

வாங்கவேண்டிய ஆவணங்கள்: பிறப்புச் சான்றிதழ் நகல், பள்ளி போனஃபைட், சங்கப் பதிவு எண் இருந்தால் அது, பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். பிறந்த தேதிக்கு ஆதாரை மட்டும் நம்பாதீர்கள், பழைய அட்டைகளில் வருடம் மட்டுமே இருக்கும். சென்னையில் பதிவான பிறப்புக்கு மாநகராட்சி இணையதளத்தில் சான்றிதழ் எடுக்கலாம். ஆனால் பலருடைய சான்றிதழில் குழந்தையின் பெயர் இடம் காலியாகவே இருக்கும், பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம் பள்ளி ஆவணத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

வயதுக் கணக்கைச் சுற்றறிக்கையிலேயே தேதியோடு அச்சடியுங்கள். வாள்வீச்சுக் கூட்டமைப்பு வழக்கில் 14, 17, 20. பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19. இரண்டையும் கலந்தால் காலையில் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடும். மென்பொருளில் உங்கள் வயதுப் பிரிவு இல்லை என்றால் நெருங்கிய ஒன்றைத் தேர்ந்து, போட்டித் தலைப்பில் சரியான பெயரை எழுதுங்கள்.

5. விதிகளை மென்பொருளில் பொருத்துங்கள்

போட்டியை உருவாக்கும்போது பார்க்கவேண்டியவை: பூலுக்கு 5 டச், நாக்-அவுட்டுக்கு 15 (சின்னப் பிள்ளைகளுக்கு 10 என்று வைப்பவர்களும் உண்டு, முன்பே அறிவித்துவிடுங்கள்). மேலே போகும் எண்ணிக்கை. மூன்றாம் இடம் இருவருக்கா, தனி ஆட்டமா: மெடல் ஆர்டரும் இதைப் பொறுத்தது. ஒரே கிளப்பைப் பிரிக்கும் வசதி: இதற்குக் கிளப் பெயர் எல்லோருக்கும் ஒரே எழுத்தில் இருக்கவேண்டும். 'வியாசர்பாடி' என்பதை மூன்று ஸ்பெல்லிங்கில் அடித்தால் மென்பொருளுக்கு அது மூன்று கிளப், அண்ணன் தம்பி மூவரும் ஒரே பூலில் விழுவார்கள். பிரிக்க முடியாமல் ஒரே பூலில் வந்துவிட்டால் அவர்களுடைய ஆட்டத்தை முதலில் வைக்கவேண்டும். ஆட்ட வரிசையை மென்பொருள் அதற்கேற்ப மாற்றுகிறதா என்று பாருங்கள்.

ரேங்கிங் கட்டத்தைக் காலியாக விட்டால் பூல் பிரிப்பு குலுக்கலாகிவிடும். பலமானவர் நால்வர் ஒரே பூலில் சிக்கினால் அன்றைக்கு முழுக்கப் புகார்தான். போன போட்டியின் முடிவை வைத்தாவது முதல் 8 பேருக்கு எண் கொடுங்கள்.

அணிப் போட்டி வைத்தால் 9 ஆட்டம், 45 டச் ரிலே முறையில் ஏற்ற முடிகிறதா என்று தனியாகச் சோதியுங்கள்.

6. ஒத்திகை (2 வாரம் முன்)

ஒரு மாலை, இரண்டு பேர், 14 பொய்ப் பெயர்கள். கீழே உள்ள ஆறும் நடந்தால் அந்த சாஃப்ட்வேர் உங்களுக்குச் சரி. எதில் சிக்குகிறதோ அதைக் கையால் எப்படிச் சமாளிப்பது என்று எழுதி வையுங்கள்.

அ. பூல் போட்ட பிறகு ஒருவர் ஓடி வருகிறார். சேர்க்க முடிகிறதா, பூல் முழுக்கக் கலைகிறதா?

ஆ. பெயர் கொடுத்த இருவர் வரவில்லை. ஒரு பூல் 7, இன்னொன்று 5 என்று ஆகிவிட்டது. பூல்களுக்கு இடையே ஒருவருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒருவரைக் கையால் நகர்த்த முடிகிறதா?

இ. நேரம் முடிந்து 4-3. அடுத்தது 2-2, கூடுதல் ஒரு நிமிடத்திலும் யாரும் அடிக்கவில்லை, குலுக்கலில் முன்னுரிமை பெற்றவர் ஜெயித்தார். ஸ்கோர் 2-2 என்றே பதிவாகவேண்டும், வெற்றி ஒருவருக்குப் போகவேண்டும். 5-க்குக் குறைந்த ஸ்கோரில் ஜெயித்தவருக்கு எண்ணோடு 'வி' சேர்த்து அடிக்கவேண்டியிருக்கும். தட்டச்சு செய்பவருக்கு இது தெரியாவிட்டால் முடிவே மாறும்.

ஈ. நாலாவது ஆட்டத்தில் கணுக்கால் பிசகி ஒருவர் விலகுகிறார். பூலில் அவர் அதுவரை ஆடிய ஆட்டங்கள் எல்லாம் அழியவேண்டும், அவர் அங்கே இல்லாதது போல. அவரை ஜெயித்தவருக்கு மனம் வலிக்கும், விதி அதுதான். காயத்தால் விலகலும் கறுப்பு அட்டை வெளியேற்றமும் மெனுவில் வேறு வேறு. மாற்றி அழுத்தாதீர்கள்.

உ. டேப்ளோ தொடங்கிய பின் ஒரு பூல் ஸ்கோர் தப்பு என்று தெரிகிறது. திருத்தப் போனால் டேப்ளோ முழுக்க அழியலாம். அழிகிறதா என்று ஒத்திகையில் பார்த்துவிடுங்கள்.

ஊ. லேப்டாப்பை அப்படியே அணையுங்கள். திறந்தால் கடைசி ஸ்கோர் இருக்கிறதா?

7. கரன்ட்டும் வைஃபையும் (முந்தின நாள், அரங்கிலேயே)

கரன்ட் போனால் ஜெனரேட்டர் சில நொடியில் வந்துவிடும், ரூட்டர் மறுபடி எழுந்து நிற்க ஓரிரு நிமிடம் ஆகும், அதற்குள் ரெஃபரிகளின் போன்கள் கழன்றிருக்கும். மினி யுபிஎஸ் அதற்காகத்தான். லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் சொருகாதீர்கள். சூடாகும்போது அது இழுக்கும் கரன்ட்டைச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

போனில் ஸ்கோர் அனுப்பும் வசதியைப் பயன்படுத்தினால் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். விண்டோஸ் புது வைஃபையைப் 'பொது' நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு மற்ற போன்களைத் தடுக்கும்; 'தனிப்பட்ட' (பிரைவேட்) என்று மாற்றி, ஃபயர்வாலில் உங்கள் மென்பொருளுக்கு அனுமதி கொடுங்கள். ரூட்டரில் இன்டர்நெட் இல்லை என்றால் ஆண்ட்ராய்டு போன் அதை விட்டுவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும். ரெஃபரி போன்களில் டேட்டாவை அணையுங்கள். ரூட்டர் அணைந்து எழுந்தால் லேப்டாப்பின் ஐபி எண் மாறக்கூடும். ரூட்டர் அமைப்பில் அதை நிலையாக வையுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்துங்கள். ஸ்லீப்பை அணையுங்கள். இரண்டாவது லேப்டாப்பில் அதே பதிப்பை நிறுவி, நேற்றைய கோப்பைத் திறந்து பாருங்கள்.

8. அன்றைக்கு

மழைக்காலத்தில் கணேசபுரம் சப்வே மூடினால் பெரம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சுற்றித்தான் வரவேண்டும். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை நின்றால் திருவொற்றியூர்க்காரர்கள் கதியும் அதுதான். செக்-இன் 7:30 முதல் 8:15 என்று அறிவித்து, 15 நிமிடம் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகே பூல் போடுங்கள். வருகைக் குறி விட்டுப்போன பெயர் பூலில் வராது என்பதால், பூல் போடும் முன் மைக்கில் ஒருமுறை பெயர் வாசியுங்கள்.

மேசையில் இருவர்: ஒருவர் ஷீட்டை வாசிக்க, ஒருவர் அடிக்க. போனில் ஸ்கோர் வந்தாலும் காகித ஷீட்டில் ஆடியவர்களின் கையெழுத்து வேண்டும். ரெஃபரிகள் அடிக்கடி செய்யும் தவறு ஸ்கோரை எதிராளி வரிசையில் எழுதுவது. ஷீட்டின் கூட்டலைச் சரிபார்க்க இரண்டு சோதனை: 7 பேர் பூலில் வெற்றிகளின் கூட்டுத்தொகை 21 வரவேண்டும், எல்லோருடைய இன்டெக்ஸையும் கூட்டினால் பூஜ்ஜியம் வரவேண்டும். முழு ஆட்டமும் இடம் மாறி எழுதப்பட்டிருந்தால் இந்தக் கூட்டல் காட்டிக்கொடுக்காது, கையெழுத்து போடும்போது பிள்ளைகள்தான் பார்க்கவேண்டும்.

பூல் தரவரிசையை ஒட்டி, 10 நிமிடம் ஆட்சேபத்துக்குக் கொடுங்கள். நேரத்தை அந்தத் தாளிலேயே பேனாவால் எழுதுங்கள். அதன்பிறகே டேப்ளோ. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கோப்பைப் புதுப் பெயரில் பென்டிரைவில் சேமியுங்கள்: 'எப்பே-பூல்-முடிந்தது', 'எப்பே-32-முடிந்தது' என்று.

ஒரே சுற்றில் தோற்றவர்களின் இறுதி இடம் பூல் தரவரிசைப்படி அமையும், நாக்-அவுட்டில் எத்தனை டச்சில் தோற்றார் என்பதை வைத்து அல்ல. பெற்றோர் கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும்.

9. முடிந்த அன்று இரவு

பிடிஎஃப் முடிவு கிளப்புகளுக்கு, எக்ஸ்எம்எல்லோ அவர்கள் கேட்ட வேறு கோப்போ சங்கத்துக்கு. வாட்ஸ்அப்பில் போகும் பிரதியில் பிறந்த தேதி நெடுவரிசை இருக்கக்கூடாது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குட்பட்டவர் குழந்தை, பெற்றோர் சம்மதம் வேண்டும். மென்பொருள் தானாகவே அந்த நெடுவரிசையைச் சேர்க்கலாம். ஏற்றுமதிக்கு முன் டிக்கை எடுங்கள். கையெழுத்துப் போட்ட பூல் ஷீட்டுகளை ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, ஆட்சேபக் காலம் முடியும்வரை வையுங்கள்.